வைத்தியசாலையில் இரத்த உறைவும் அதனைத் தடுக்கும் நெறியும்

நோயைப் போக்கிக்கொள்ளும் பொருட்டே மக்கள் வைத்தியசாலையை நாடுகின்றனர். அவ்விடத்தே, நோயாளர் படுத்த படுக்கையையே காரணமாகக் கொண்டு வேறொரு நோய் தோன்றுமாயின் அதனை என்னென்பது! ஆயினும் அங்ஙனம் ஒன்று தோன்றுவது மெய்யே. முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து வைத்தியசாலையிற் சேர்க்கப்படுகிறார் என வைத்துக்கொள்வோம். எலும்பு செம்மையாகப் பொருத்தப்படுகிறது, புண் ஆறிவருகிறது, காய்ச்சலும் இல்லை. பத்தாம் நாள் வீடு திரும்பலாம் என்று வைத்தியர் கூற, உறவினர் வண்டி அமர்த்திக்கொண்டு வருகின்றனர். அந்நிலையில் முதியவர் கட்டிலை விட்டு எழுகிறார், மூச்சு முட்டுகிறது, உடல் வியர்க்கிறது, சாய்கிறார், சில நிமிஷங்களில் உயிர் பிரிகிறது. "இருதயம் நின்றுவிட்டது, விதி முடிந்தது" என்று சொல்லிச் சுற்றத்தார் அழுது தேறுகின்றனர். இவ்வாறு நேரும் மரணங்களிற் பலவற்றிற்குக் காரணம் இருதய நோயன்று, விதியுமன்று. காலின் ஆழத்திலுள்ள இரத்தக் குழாயில் ஓசையின்றி உறைந்து கிடந்த கட்டியொன்று பெயர்ந்து சென்று நுரையீரலின் குழாயை அடைத்ததே காரணம்.

இக்கேட்டினைத் தடுக்கும் வழி உலகிற்குத் தெரியாததன்று. அரை நூற்றாண்டிற்கு மேலாகவே வைத்திய நூலார் அதனை நன்கறிவர். அறிந்த அவ்வழி நோயாளரின் கட்டில் வரையிற் சென்று சேராமையே குறை. ஆகவே, இரத்த உறைவு எவ்வாறு தோன்றுகிறது, அதனைத் தடுக்கும் கருவிகள் யாவை, அவை இருந்தும் பயன்படாமல் நின்றது ஏன், அந்நிலையைச் சில வைத்தியசாலைகள் மாற்றியது எங்ஙனம் என்னும் நான்கினையும் இக்கட்டுரையில் முறையே ஆராய்வோம். வைத்தியம் பயிலாத மாணவர்க்கும் இஃது ஏற்ற பாடமே. உற்றார் ஒருவரின் நோய்ப் படுக்கையருகே ஓர் இரவேனும் விழித்திருக்கும் கடமை நம்மில் யார்க்கும் ஒருநாள் வரக்கூடும் அன்றோ?

1. உறைவு தோன்றும் விதம்

நம் உடலில் ஓடும் இரத்தத்திற்கு இரண்டு கடமைகள் உண்டு. குழாய்க்குள் இருக்கும் வரையில் தடையின்றி ஓடவேண்டும். குழாய் அறுந்து வெளிவருங்கால் உடனே உறைந்து அவ்வாயிலை அடைக்கவேண்டும். இரண்டாவது இல்லையேல் சிறு கீறலும் உயிரைக் கொள்ளும். இதன்பொருட்டு இரத்தத்தில் தட்டணுக்கள் என்னும் நுண்ணிய உறுப்புகளும், ஒன்றையொன்று தூண்டி எழுப்பும் பல புரதப் பொருள்களும் அமைந்துள்ளன. அவற்றின் தொழிலால் இறுதியிற் பைப்ரின் என்னும் நார் தோன்றி வலைபோற் பின்னிக்கொள்கிறது. அவ்வலையில் இரத்த அணுக்கள் சிக்க, உறைகட்டி உண்டாகிறது. காயத்தில் இது நமக்குக் காவல். உடையாத குழாயினுள்ளே அதே தொழில் தொடங்குமாயின், காவலே பகையாகிறது.

இவ்வுண்மையைத் தெளிவுற விளக்கியவர் ஜெர்மனி தேசத்து ருடால்ப் விர்க்கோ என்னும் பேரறிஞர். இவர் 1821-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ஆம் நாள் பிறந்தவர். பெர்லின் நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் இறந்தோரின் உடல்களை அறுத்துச் சோதித்து வந்த காலத்தில், நுரையீரற் குழாய்களிற் காணப்பட்ட கட்டிகள் அங்கேயே தோன்றியவை அல்ல என்பதை இவர் கண்டார். உறுப்புகளினின்று இருதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொணரும் குழாய்களுக்குச் சிரைகள் என்று பெயர். கால் முதலிய இடங்களின் சிரைகளிலே தோன்றிய கட்டிகள் ஓட்டத்தோடு பெயர்ந்து, இருதயத்தின் வலப்பாகத்தைக் கடந்து, நுரையீரலிற் சென்று தங்குகின்றன என்று இவர் நிலைநாட்டினார். இவ்வாறு பெயர்ந்து சென்று அடைத்தலுக்கு எம்பாலிஸம் என்னும் பெயரை இட்டவரும் இவரே. இவர் பிறந்த நாளே 2014-ஆம் ஆண்டு முதல் உலக இரத்த உறைவு நாளாகப் போற்றப்பட்டு வருகின்றது.

விர்க்கோவின் பெயரால் மூன்று காரணங்கள் இன்றும் வைத்தியக் கல்லூரிகளிற் கற்பிக்கப்படுகின்றன. ஒன்று, இரத்த ஓட்டம் தளர்தல். இரண்டு, குழாயின் உட்சுவர் ஊறுபடுதல். மூன்று, இரத்தம் எளிதில் உறையும் தன்மை மிகுதல். இவற்றுள் முதலாவதைச் சற்றே விரித்துரைப்போம். காலிலுள்ள இரத்தம் மேல்நோக்கி ஏறி இருதயத்தை அடைதல் வேண்டும். அதனை மேலே தள்ளும் வேலையைப் பெரும்பாலும் செய்வது கெண்டைக்காற் சதையே. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் அச்சதை சுருங்கி ஆழ்சிரைகளைப் பிழிகின்றது. சிரைகளின் உள்ளே உள்ள சிறு கதவுகள் இரத்தம் கீழே மீளாவண்ணம் தடுக்கின்றன. நடை நின்றால் இவ்வேற்றமும் நிற்கும். கதவுகளின் மூலையில் இரத்தம் தேங்கும். தேங்கிய இடத்தில் உறையத் தொடங்கும்.

இதற்கு ஒரு சரித்திரச் சான்றும் உண்டு. 1940-ஆம் ஆண்டில் இலண்டன் நகரின்மீது ஜெர்மானிய விமானங்கள் இரவுதோறும் குண்டு வீசிய காலத்தில், மக்கள் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்தபடியே இரவைக் கழித்தனர். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் பின்புறத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நுரையீரல் அடைப்பினாற் திடீரென இறந்தோர் தொகை, முந்திய ஆண்டின் அதே மாதங்களிற் கண்டதைப்போல் ஆறு மடங்காயிற்று என்று கீத் சிம்ப்ஸன் என்னும் மரண விசாரணை வைத்தியர் எடுத்துக் காட்டினார். படுத்துறங்கக் கட்டில்கள் அமைக்கவேண்டும் என்பது அதனாற் தெளிந்த பாடம். குண்டுக்குத் தப்பிய உயிர் நாற்காலிக்குத் தப்பவில்லை!

வைத்தியசாலையிற் படுத்திருப்பவரிடத்திலோ மூன்று காரணங்களும் ஒருங்கே கூடுகின்றன. படுக்கை ஓட்டத்தைத் தளர்த்துகிறது. ரண சிகிச்சையும் எலும்பு முறிவும் சிரையின் சுவரை ஊறுபடுத்துகின்றன. உடலிற் பட்ட காயமும், கடுங்காய்ச்சலும், புற்றுநோயும், கருப்பமும், மகப்பேறும் இரத்தத்தின் உறையுந் தன்மையை மிகுவிக்கின்றன. முதுமை, மிகு பருமன், முன்னொருகால் உறைவு உண்டாயிருத்தல் என்பன இவற்றிற்குத் துணையாக வருவன.

இந்நோயின் வஞ்சகம் இரண்டு வகைத்து. முதலாவது, காலிற் கட்டி உறைந்திருந்தும் பலரிடம் வீக்கமோ நோவோ தோன்றுவதில்லை. 1960-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், கதிரியக்க அயோடின் சேர்த்த ஒரு புரதத்தை உடலிற் செலுத்திச் சோதிக்கும் முறை வந்தபின்னரே, பெரிய ரண சிகிச்சை பெற்றவருள் ஏறத்தாழ 100-க்கு 30 பேர்க்குக் காலிற் சிறிதளவேனும் உறைவு உண்டாவது தெரியலாயிற்று. அவற்றிற் பல தாமே கரைந்துபோகும். சில மேலேறிப் பெருகும். இரண்டாவது, உறைவு பெரும்பாலும் நோயாளர் வீடு சென்ற பின்னரே வெளிப்படுகிறது. வைத்தியசாலையிற் சேர்ந்த நாள் முதல் 90 நாள் வரையில் நேரும் உறைவினை அவ்வைத்தியசாலை வாசத்தோடு சேர்த்தே எண்ணவேண்டும் என்பது இங்கிலாந்தில் வழங்கும் விதி. இதனால் விளையும் தீமையைப் பின்னர்க் கூறுவோம்.

2. தடுக்கும் கருவிகள்

முதற் கருவி நடையே. அதற்கு விலையில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்யப்பெற்றவரை வாரக்கணக்கில் அசையாது கிடத்துவதே வழக்கம். 1899-இல் சிகாகோ நகரத்து எமில் ரீஸ் என்பவர் அத்தகையோரை ஓரிரு நாளிலேயே எழுப்பி உட்காரவும் நடக்கவும் செய்து, அவர் விரைவில் தேறுவதை எழுதி வெளியிட்டார். கேட்பார் அரியராயினர். இரண்டாம் உலக யுத்த காலத்திலேதான் இக்கொள்கை வேரூன்றியது. 1947-இல் இங்கிலாந்து தேசத்து ரிச்சர்டு ஆஷர் என்னும் வைத்தியர், படுக்கையில் நெடிது கிடப்பதால் உறுப்புதோறும் விளையும் தீங்குகளை நகைச்சுவை பொருந்த எழுதிய கட்டுரை இன்றும் மாணவராற் படிக்கப்படுகிறது.

இரண்டாவது கருவி ஹெப்பாரின் என்னும் மருந்து. இதன் வரலாறு மாணவர்க்கு ஊக்கமளிப்பது. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்கா தேசத்துப் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில், வில்லியம் ஹவல் என்னும் பேராசிரியரின்கீழ் ஜே மக்லீன் என்னும் இரண்டாம் ஆண்டு வைத்திய மாணவர் ஆராய்ச்சி செய்துவந்தார். இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடுமாறு அவர் பணிக்கப்பட்டிருந்தார். அவர் ஈரலினின்று பிரித்த பொருளொன்றோ இரத்தத்தை உறையாமற் செய்தது. தேடியதற்கு நேர்மாறானதைக் கண்டும் அதனைப் பிழையென்று ஒதுக்காது ஆசிரியரிடம் கொணர்ந்தார். அவ்வழியே ஆராய்ந்து சென்ற ஹவல், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு 1918-இல் ஹெப்பாரின் என்னும் பெயரை இட்டார். பின்னர் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கானடாவின் டொராண்டோவிலும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமிலும் அது தூய்மை செய்யப்பெற்று மனிதர்க்கு உதவும் மருந்தாயிற்று.

மருந்து உண்டு, அது நோய் வருமுன் காக்குமோ என்பது அடுத்த வினா. 1959-இல் பர்மிங்ஹாம் நகரத்தில் தொடையெலும்பின் கழுத்து முறிந்த 300 பேரை ஸெவிட், காலஹர் என்னும் இருவர் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை கொடுத்துச் சோதித்தனர். மருந்து பெறாத கூட்டத்திற் பலர்க்குக் கண்ட உறைவு, பெற்ற கூட்டத்தில் மிகச் சிலர்க்கே கண்டது. 1975-இல், இந்தியாவில் வைத்தியம் பயின்று இலண்டன் சென்று புகழ்பெற்ற ரண வைத்தியரான விஜய் கக்கர் தலைமையிற் பல தேசங்களில் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு வெளிவந்தது. 40 வயதைக் கடந்து பெரிய ரண சிகிச்சை பெற்ற 4,121 பேர் அதிற் சேர்ந்தனர். அவருள் 2,045 பேர்க்குச் சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன்பும், அதன்பின் எட்டு மணிக்கு ஒருமுறை ஒரு வாரமும், 5,000 அலகு ஹெப்பாரின் தோலின்கீழ் ஏற்றப்பட்டது. எஞ்சிய 2,076 பேர்க்கு அது தரப்படவில்லை. நுரையீரற் குழாய் பெரிதும் அடைபட்டு இறந்தோர் மருந்து பெறாதாருள் 16 பேர். பெற்றோருள் 2 பேர். இவ்வெண்களை மாணவர் மனத்திற் பதித்துக்கொள்க. சிறிதளவு மருந்து, தக்க காலத்தில் தரப்பட்டு, பலர் உயிரைக் காத்தது. இன்று ஹெப்பாரினைச் சிறு மூலக்கூறாக்கிய எனாக்ஸபாரின் முதலியவை நாளைக்கு ஓர் ஊசியாகவே இடப்படுகின்றன.

மருந்திற்கு மறுபுறமும் உண்டு. உறைவைத் தடுப்பது இரத்தப்போக்கை மிகுவிக்கவுங் கூடும். குடற்புண்ணில் இரத்தம் கசிபவர், மூளையில் இரத்தம் கசிந்தவர் போன்றோர்க்கு இதனை ஆராயாது கொடுத்தல் தகாது. அத்தகையோர்க்கு மூன்றாவது கருவி, காலில் உறைபோற் சுற்றி விட்டுவிட்டுக் காற்றை நிரப்பி அழுத்தும் இயந்திரம். இது கெண்டைக்காற் சதையின் வேலையை வெளியே நின்று செய்கிறது. பக்கவாதத்தாற் படுத்த 2,876 பேரிடம் நடந்து 2013-இல் வெளிவந்த சோதனையில் ஆழ்சிரை உறைவு 100-க்கு 12.1-லிருந்து 8.5 ஆகக் குறைந்தது. இறுக்கமான நீண்ட காலுறையோ, அத்தகைய 2,518 நோயாளரிடம் சோதிக்கப்பட்டு 2009-இல் வெளிவந்த முடிவின்படி, உறைவைக் குறைக்கவில்லை. தோலைப் புண்படுத்தியதே மிகுதி. பார்வைக்கு ஒத்த இரு கருவிகளில் ஒன்று பயன்பட்டு மற்றொன்று பயன்படாமையைச் சோதனையே காட்டியது.

யாவர்க்கும் மருந்து வேண்டுமோ எனின், வேண்டா. இத்தாலி தேசத்துப் பாதுவா நகரில் 1,180 நோயாளரின் வயது, புற்றுநோய், நடமாட்டமின்மை, முன்னுறைவு முதலியவற்றிற்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினர். மதிப்பெண் குறைந்த 711 பேருள், 90 நாளில் உறைவு கண்டவர் 100-க்கு 0.3 பேரே. மதிப்பெண் மிகுந்தும் தக்க தடுப்புப் பெறாதாருள் 100-க்கு 11 பேர். பெற்றோருள் 100-க்கு 2.2 பேர். 2010-இல் வெளிவந்த இக்கணக்கு, யார்க்கு வேண்டும், யார்க்கு வேண்டா என்பதை ஒரு சிறு தாளிலேயே பிரித்தறியலாம் என்று காட்டியது.

3. அறிந்தும் செய்யாமை

நோயின் காரணம் தெரிந்தது, மருந்து கிடைத்தது, யார்க்கு வேண்டும் என்று அறியவும் வழியுண்டு. அப்படியாயின் நோயாளர் காக்கப்பட்டனரோ? 2008-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சி இதற்கு விடை கூறிற்று. 32 தேசங்களில் 358 வைத்தியசாலைகளிற் படுத்திருந்த 68,183 பேரின் கேஸ் ஷீட்டுகளைப் பார்த்தபோது, அவருட் பாதிக்குமேற்பட்டோர் உறைவின் அபாயத்திலிருந்தனர். அபாயத்திலிருந்தவருள் தக்க தடுப்புப் பெற்றோர், ரண சிகிச்சை நோயாளரில் 100-க்கு 58.5 பேர், பிற நோயாளரில் 100-க்கு 39.5 பேர். இந்தியாவில் அவ்வாராய்ச்சிக்கு உட்பட்ட வைத்தியசாலைகளிலோ ஐந்தில் ஒருவர் கூடத் தக்க தடுப்பைப் பெற்றிலர்.

இதற்கு வைத்தியரின் அறியாமையோ இரக்கமின்மையோ காரணமென்று கூறுதல் நீதியன்று. காரணங்கள் வேறு. நோய் வந்து குணப்படுத்தினால் நோயாளர் நன்றி கூறுவர். வாராமற் காத்தால் காத்தது யார்க்கும் தெரியாது. ஊசியினால் இரத்தம் கசிந்தால் அது கண்முன்னே நிகழ்கிறது. ஊசி இடாமையால் உறைவு உண்டாயின் அது பெரும்பாலும் நோயாளர் வீடு சென்ற பின்னர் வேறோர் ஊரில், வேறொரு வைத்தியரிடத்தில் வெளிப்படுகிறது. சிகிச்சை செய்தவர் தம் பணி செவ்வனே முடிந்தது என்றே நம்பியிருப்பர். மேலும், எலும்பு வைத்தியர் இது பொது வைத்தியரின் வேலை என்றிருப்பர். பொது வைத்தியர் எலும்பு வைத்தியர் பார்த்திருப்பார் என்றிருப்பர். பலர்க்கும் பொதுவான கடமை எவர்க்கும் உரியதாகாமற் போவது நாம் விடுதியிலும் சங்கங்களிலும் காண்பதே.

நம் நாட்டிற்கே உரிய காரணமும் ஒன்று இருந்தது. இந்நோய் மேல்நாட்டாரையே பற்றும், நம்மவரை அரிதாகவே பற்றும் என்று பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியின் வைத்தியசாலை வைத்தியர்கள் 1996 முதல் 2005 வரையான தங்கள் பதிவேடுகளை ஆராய்ந்து, படுக்கையிற் சேர்ந்த 10,000 பேர்க்கு ஏறத்தாழ 17 பேரிடம் ஆழ்சிரை உறைவு கண்டதை 2009-இல் வெளியிட்டனர். நோவும் வீக்கமும் தோன்றிக் கண்டறியப்பட்டவை பெரும்பாலும் கணக்கில் வரும். ஓசையின்றிக் கிடந்தவை வாரா. இல்லை என்று எண்ணியவர் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தவர் உண்டு என்று கண்டனர்.

4. திருத்திய முறைகள்

மனிதரின் நினைவை நம்பியிருத்தல் போதாது என்பதை உணர்ந்த வைத்தியசாலைகள் மூவகையில் இக்குறையைத் திருத்த முயன்றன.

முதலாவது, நினைவூட்டல். அமெரிக்கா தேசத்துப் பாஸ்டன் நகரில் பிரிகாம் பெண்கள் வைத்தியசாலையிற் கம்ப்யூட்டரே நோயாளரின் மதிப்பெண்ணைக் கூட்டி, அபாயத்திலிருந்தும் தடுப்புப் பெறாதவரைக் கண்டெடுத்தது. அத்தகைய 2,506 பேரை இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்தாரின் வைத்தியர்க்கு மட்டும் அறிவிப்பு அனுப்பினர். அறிவிப்புப் பெற்ற கூட்டத்தில் 100-க்கு 33.5 பேர்க்கும், பெறாத கூட்டத்தில் 14.5 பேர்க்கும் தடுப்புக் கிடைத்தது. 90 நாளில் உறைவு முறையே 100-க்கு 4.9 பேர்க்கும் 8.2 பேர்க்கும் கண்டது. 2005-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஒரு வரிச் செய்தி பலரைக் காத்தது என்று மகிழ்வோம். ஆயினும், செய்தி கண்டும் மூவரில் இருவர்க்குத் தடுப்பு எழுதப்படவில்லை என்பதையும் மறவாதிருப்போம். நினைவூட்டல் தொடக்கமே, முடிவன்று.

இரண்டாவது, பொது விதியும் கணக்கெடுப்பும். 2005-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டின் சுகாதாரக் கமிட்டி, வைத்தியசாலை வாசத்தால் உண்டாகும் தடுக்கத்தக்க உறைவினால் அத்தேசத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 பேர் இறப்பதாக மதிப்பிட்டு அறிக்கையிட்டது. அதன் விளைவாக, சேர்க்கப்படும் வயது வந்த ஒவ்வொருவர்க்கும் உறைவின் அபாயமும் இரத்தப்போக்கின் அபாயமும் ஒருங்கே மதிப்பிடப்படவேண்டும் என்று விதி ஏற்பட்டது. 2010-இல், 100-க்கு 90 பேரையேனும் மதிப்பிடாத வைத்தியசாலைக்கு வருமானத்தில் ஒரு பகுதி கிடையாது என்றும் அரசாங்கம் ஏற்படுத்தியது. அவ்வாண்டின் நடுவிற் பாதிப்பேர் கூட மதிப்பிடப்படாதிருந்த நிலை மாறி, 2011-ஆம் ஆண்டின் இறுதிக்குள் 90 என்னும் எல்லை எட்டப்பட்டது. அவ்வெல்லையை எட்டிய வைத்தியசாலைகளினின்று வீடு சென்றவரிடையே உறைவினால் நேரும் மரணங்கள் குறைந்தன என்று பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. உறைவு நேர்ந்தவிடத்து அதன் காரணத்தைப் பின்னோக்கி ஆராய்ந்து வைத்தியசாலைக்கே தெரிவிக்கும் முறையும் அங்கு ஏற்பட்டது. யார்க்கும் தெரியாமல் நிகழ்ந்தது யாவர்க்கும் தெரியலாயிற்று.

மூன்றாவது, நோயாளர்க்கு எடுத்துரைத்தல். மாணவர் மக்லீன் ஆராய்ந்த அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிலையத்தின் வைத்தியசாலையில், வைத்தியர்கள் தடுப்பு ஊசியை ஒழுங்காக எழுதியும், எழுதியவற்றில் ஏறத்தாழ 100-க்கு 12 இடப்படாமற் போவது தெரியவந்தது. ஆராய்ந்ததில், நோயாளரே "வேண்டா" என்று மறுத்ததே பெரும்பாலும் காரணம். எதற்காக என்று அறியாதவர் வயிற்றில் தினமும் குத்தும் ஊசியை மறுத்தல் இயல்பே. அன்றியும், நடமாடுவோர்க்கு இது வேண்டியதில்லை என்று தாதியர் சிலரும் எண்ணியிருந்தனர். ஆகவே, ஊசி தவறிய செய்தி வந்தவுடன் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் நோயாளரிடம் சென்று காரணத்தை விளக்கிப் பேசவும், துண்டுத் தாளும் சிறு படமும் காட்டவும் ஏற்பாடு செய்தனர். தவறிய ஊசிகள் 100-க்கு 9.1-லிருந்து 5.6 ஆகக் குறைந்தன என்று 2018-இல் வெளியிட்டனர். இரத்தத்தை உறையாமற் செய்யும் பொருள் கண்ட அந்நிலையமே, ஒரு நூற்றாண்டு கழித்து, அம்மருந்து நோயாளரின் உடலிற் சேர்ந்ததா என்று எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தது. கண்டுபிடித்தல் ஒரு நாளில் நிகழலாம்; கொண்டுசேர்த்தல் நாள்தோறும் நிகழவேண்டும்.

5. நாம் செய்யத்தக்கது

இம்மூன்றையும் நோக்கின், புதிய மருந்து எதுவும் இவற்றில் இல்லை என்பது விளங்கும். கேட்க வேண்டிய வினாவை ஒவ்வொருவரிடமும் தவறாது கேட்டல், விடையைத் தாளிற் குறித்தல், குறித்தபடி செய்தல், செய்ததை எண்ணல், நோயாளர்க்கு எடுத்துரைத்தல் என்பனவே அவை. இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பெரும் பொருளும் வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் இல்லாத சிறு வைத்தியசாலையிலும் கேஸ் ஷீட்டோடு ஒரு தாளைச் சேர்த்துத் தைக்கலாம்.

வைத்தியர் அல்லாத நமக்கும் இதிற் பங்குண்டு. நம் நாட்டில் நோயாளரோடு உறவினர் ஒருவர் கூடவே தங்குவது வழக்கம். அவ்வுறவினர் அன்பின் மிகுதியால், "அசையாதே, படுத்திரு, நான் எடுத்துத் தருகிறேன்" என்று ஓயாது கூறுகின்றனர். அவ்வன்பே சில வேளைகளில் தீங்காகிறது. வைத்தியர் நடக்கலாம் என்று கூறிய பின்னர், நோயாளரைத் தாங்கிப் பிடித்து வராந்தாவில் நாலடி நடத்துதலே மெய்யன்பு. எழ இயலாதவரும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். வைத்தியர் தடை செய்யாவிடத்து, வேண்டிய அளவு நீர் அருந்தச் செய்தலும் நன்று. சேர்த்த அன்றே, "இவர்க்கு இரத்த உறைவின் அபாயம் உண்டா? அதற்கு என்ன ஏற்பாடு?" என்று வைத்தியரைப் பணிவோடு வினவலாம். தடுப்பு ஊசி எழுதப்பட்டிருந்தால் அதன் காரணத்தை நோயாளர்க்குச் சொல்லி மறுக்காதிருக்கச் செய்யலாம். இரத்தப்போக்கு முன்னர் நேர்ந்திருந்தால் அதனையும் மறையாது கூறவேண்டும்.

வீடு வந்தபின்னும் மூன்று மாதம் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் நோவு, திடீரென மூச்சு வாங்குதல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துதல், இருமலில் இரத்தம் காணல் என்னும் இவற்றுள் எது தோன்றினும் வாயு என்று எண்ணித் தைலம் தடவிக் காலங்கழிக்காது உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். முக்கியமாக, பிள்ளை பெற்ற தாய்மாரிடத்தில் இவ்வெச்சரிக்கை வேண்டும். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தவரிடத்தில் மிகவும் வேண்டும். வீங்கிய காலைப் பிசைந்து தேய்த்தல் கட்டியைப் பெயர்க்கக் கூடுமாதலால் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

நம் கல்லூரிக் கோயிலில் நாம் பலமுறை கேட்ட நல்ல சமாரியனின் கதை ஈண்டு நினைவிற்கு வருகிறது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களை அவன் கட்டினான் என்பதை யாவரும் நினைவில் வைத்திருக்கிறோம். அத்தோடு அவன் நின்றிலன். காயம்பட்டவனைச் சத்திரத்திற் சேர்த்து, மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரன் கையிற் பணம் கொடுத்து, தான் இல்லாத நாட்களிலும் அவன் காக்கப்படும்படி ஏற்பாடு செய்து சென்றான். காயத்தைக் கட்டுதல் இரக்கம். தான் இல்லாதபோதும் காவல் தவறாதபடி ஒழுங்கு செய்து வைத்தல் அவ்விரக்கத்தின் நிறைவு. நம் கல்லூரியினின்று வைத்தியராகவும், தாதியராகவும், வைத்தியசாலை அலுவலராகவும் செல்லும் மாணவ மாணவியர் இவ்விரண்டாவது பகுதியை மறவாதிருப்பாராக. எலும்பு பொருந்திய அம்முதியவர் பத்தாம் நாள் வண்டியேறி வீடு சேர்வது, சேர்த்த முதல்நாள் எவரேனும் ஒருவர் கேட்கும் ஒரு வினாவில் அமைந்திருக்கக்கூடும்.